சாகுபுரத்தில் ஒரு நாலு கதவுக் கார்

திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்காத தமிழ் வாசகர் அபூர்வம். திருநெல்வேலியிலிருந்து ரயிலிலோ, தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸிலோ நீங்களும் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். பஸ்ஸில் போயிருந்தால் இந்தக் காட்சி நினைவில் இருக்கும். முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டியதும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள். அவற்றைத் தொட்டுக்கொண்டு வாழைத் தோட்டங்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நீங்கள் நிமிர்ந்து உட்காரும்போது பச்சை சட்டென்று நின்றுவிடும். அப்புறம் எங்கே பார்த்தாலும் வெள்ளை. பாத்தி பாத்தியாக உப்பு. வெயில் அதில் பட்டுத் திரும்பி வந்து கண்ணைக் குத்தும். பிரயாணிகளில் பாதிப்பேர் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மீதிப்பேர் தூங்கிவிடுவார்கள்.

அடுத்த தடவை தூங்காதீர்கள். ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் இடையே, உப்பளங்களின் நடுவில், உயரமான புகைபோக்கிகளும் உருண்டைத் தொட்டிகளும் குழாய்களுமாக ஒரு சிறு பட்டணம் எழுந்து நிற்கும். அதுதான் சாகுபுரம்.

பெயரைக் கேட்டதும் உங்கள் பாட்டி "அபசகுனமாக இருக்கிறதே!" என்று சொல்லக்கூடும். அவருக்கு விளக்கம் சொல்லிவிடுங்கள். சாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வடக்கே சாகு ஜெயின் குடும்பம் என்று ஒரு பெரிய தொழிற் குடும்பம். அந்த சாகு தான் இந்த சாகு. சௌராஷ்டிரத்தில் திராங்கதாரா என்ற சமஸ்தானத்தில் 1925-ல் சோடா உப்புத் தொழிற்சாலை ஒன்று ஆரம்பமாயிற்று. அந்தக் கம்பெனி பிற்பாடு தெற்கே இறங்கி, 1950களின் கடைசியில் இந்தக் கரையில் கடை விரித்தது. ஏன் இங்கே என்று கேட்க வேண்டியதே இல்லை. கூப்பிடு தூரத்தில் உப்பு இருக்கிறது. உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் என்று மூன்று பிள்ளைகள் பிறக்கும். மூன்றும் சம்பாதிக்கிற பிள்ளைகள்.

ஊழியர்களுக்கு வீடுகள், மரங்கள், கமலாவதி என்ற பெயரில் பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. உப்புக் காட்டில் இவ்வளவு நிழல் வளர்த்தது சாமான்ய காரியம் அல்ல. அதே சமயம், பக்கத்துக் காயல்பட்டினத்தார் ஆலையின் கழிவு நீர் குறித்துப் பல வருஷங்களாக முறையிட்டு, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய்வந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் ஊரைப் பார்த்த லட்சணம் ஆகாது. நிழலும் உண்டு, வழக்கும் உண்டு.

உங்களையும் என்னையும் ஆலைக்குள் விடமாட்டார்கள். வாசலோடு சரி. ஆனால் அந்த வாசலைக் கடந்து மூட்டை மூட்டையாக வெளியே போகும் சரக்கு ஒன்றைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். பார்ப்பதற்கு மைதா மாவு மாதிரி இருக்கும். பெயர் பி.வி.சி. ரெசின்.

ரெசின் என்றால் என்ன? குங்கிலியத்தை அறிவோம், சாம்பிராணிக் கரண்டியில் போட்டிருக்கிறோம். அரக்கை அறிவோம். மரமும் பூச்சியும் செய்து கொடுத்த இந்தச் சரக்கையெல்லாம் வெள்ளைக்காரன் ஏறக்குறைய ஒரே பெயரில் ரெசின் என்றான். பிறகு ரசாயன சாஸ்திரிகள் பாத்திரத்தில் அதே மாதிரி பொருள்களைச் செய்ய ஆரம்பித்ததும் அந்தப் பெயரையே அவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். சாகுபுரத்து ரெசின், வினைல் குளோரைடு என்ற வாயுவை அழுத்தித் திரவமாக்கி, தண்ணீரில் துளித் துளியாகக் கலக்கி, துளிகளைப் பொடியாகக் கெட்டிப்பட வைத்துச் செய்வது. எடையில் நூற்றுக்கு 57 பங்கு குளோரின். அதாவது பாதிக்கு மேல் உப்பின் வம்சம். வேடிக்கை என்னவென்றால், வாசலிலேயே உப்பு குவிந்து கிடக்க, இந்த வினைல் குளோரைடு கப்பலேறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிறது. சம்பந்தி வீடு பக்கத்துத் தெருவில் இருந்தாலும் பெண் சிங்கப்பூரிலிருந்து வருகிற மாதிரி!

உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பியின் மேலுறை, மழைக்கோட்டு எல்லாம் இந்த மாவிலிருந்து பிறந்தவைதான்.

நிற்க. ஆறுமுகநேரியில் என் அக்கா வீடு இருக்கிறது. அக்கா மகன் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உள்ளே போனால் தலை சுற்றும். வார்னிஷ் வாடையினால் மட்டும் அல்ல. அலமாரி முழுவதும் கார்கள். எல்லாம் உள்ளங்கை அளவு. கதவு, கைப்பிடி, கண்ணாடி துடைக்கும் கம்பி வரையில் அச்சு அசலாக இருக்கும்.

"இதெல்லாம் நம்ம சாகுபுரத்து ரெசினாடே?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டான். "அது வேற, இது வேற மாமா. அது பொடி. நான் ஊத்துறது தண்ணி மாதிரி இருக்கும். பாலியூரிதேன். ஆனா நம்ம ஊர்ச் சரக்கும் இதுக்குள்ள இருக்கு, காட்டுதேன்" என்றான்.

ஒரு காரைத் தலைகீழாகத் திருப்பினான். சக்கரத்தில் மாட்டியிருந்த சின்னக் கறுப்பு டயர் மெத்தென்று இருந்தது. அது வினைல், சாகுபுரத்து மாவின் ஜாதி. பி.வி.சி. இயற்கையில் விறைப்பானது. மெத்தென்று ஆவதற்கு அதில் ஒரு வகை எண்ணெய்ச் சரக்கைச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய் சும்மா இருக்காது. வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து, பக்கத்தில் இருக்கிற பாலிஸ்டைரீன் சக்கரத்தைக் கரைத்துத் தின்றுவிடும். அலமாரியில் பத்து வருஷம் பத்திரமாக வைத்திருந்த காரை எடுத்துப் பார்த்தால் சக்கரம் மெழுகு மாதிரி உருகி டயரோடு ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதனால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய தகடோ, சாயப் பூச்சோ கொடுத்துவிட வேண்டும். உங்கள் வீட்டுப் பையன் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்; பெட்டியின் மேல் எழுதியிருக்க மாட்டார்கள்.

கார் முழுமையாகத் தருவதில்லை, பாகம் பாகமாகத் தந்து நம்மை ஒட்டச் சொல்கிறார்கள். அதற்குத்தான் கிட் என்று பெயர். அமெரிக்காவில் ஏ.எம்.டி., ரெவல், மோனோகிராம், இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ், ஜப்பானில் தமியா. இவர்கள் செய்கிற விதம் வேறு. எஃகில் அச்சு வெட்டி, உருக்கிய பாலிஸ்டைரீனை அசுர அழுத்தத்தில் உள்ளே பாய்ச்சுவார்கள். ஒரு அச்சில் லட்சக்கணக்கான கார்கள் விழும். ஆனால் அந்த எஃகு அச்சு வெட்ட ஆகிற செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே எந்தக் கார் நிறைய விற்குமோ அதற்குத்தான் அச்சு வெட்டுவார்கள். எது விற்கும்? இரண்டு கதவு வைத்த ஜோரான கார், கூரை திறக்கும் கார், பந்தயக் கார். அப்பா, அம்மா, பாட்டி, நாலு குழந்தைகள், ஒரு டிபன் கூடை எல்லாம் ஏறிப்போன நாலு கதவுக் குடும்பக் காரை எந்த முதலாளி சீந்துவான்? நிஜ உலகத்தில் ரோட்டை நிறைத்த வண்டி அதுதான். பொம்மை உலகத்தில் அதற்கு இடமில்லை!

இந்த அநியாயத்துக்குப் பரிகாரமாகப் பிறந்ததுதான் ரெசின் உடல். கம்பெனி கிட்டின் அடிச்சட்டம், எஞ்சின், சக்கரம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியது. மேலே உட்காரும் உடலை மட்டும், கம்பெனி செய்யாத உருவத்தில், யாரோ ஒரு தனி மனிதர் வீட்டுப் பின்கட்டில் வார்த்துத் தருவார். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் மாடல்ஹவுஸ் என்று ஒரு குடும்பக் கடை பல வருஷங்கள் இந்த வேலையாலேயே பெயர் வாங்கியது. ஐம்பது பேருக்கு வேண்டும் என்றால் ஐம்பது வார்க்கலாம். ஐந்து பேருக்கு என்றால் ஐந்து. எஃகு முதலாளிக்கு இது கட்டாது. பின்கட்டு மனிதருக்குக் கட்டும்.

எப்படி வார்க்கிறார்கள்? இதை விளக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். சாகுபுரத்திலிருந்து திருச்செந்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் உடன்குடி. அங்கே பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, பதம் பார்த்து, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். ஆறினதும் தட்டினால் கருப்பட்டி விழுகிறது; சிரட்டையின் உட்புறம் எப்படி இருந்ததோ அப்படியே. அவ்வளவுதான் சூத்திரம். சிரட்டைக்குப் பதிலாக சிலிக்கோன் ரப்பர். பாகுக்குப் பதிலாக ரெசின்.

ஆனால் சிரட்டையைத் தேங்காய் தந்துவிடுகிறது. கார் அச்சை யார் தருவது? முதலில் கையால் ஒரு மூல உருவம் செய்தாக வேண்டும். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, பட்டி தடவி, உப்புத்தாள் தேய்த்து, கதவுக் கோடுகளை ஊசியால் கீறி, மாதக்கணக்கில் செய்கிற வேலை. அந்த உருவத்தைப் பாதி வரைக்கும் களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் பெட்டி கட்டி, ரப்பர்க் குழம்பை ஊற்றுவான். ஒரு நாள் கழித்துக் கெட்டியானதும் கவிழ்த்துக் களிமண்ணைச் சுரண்டி எடுத்து, ரப்பரோடு ரப்பர் ஒட்டாமலிருக்க வாசலைன் தடவி, மறு பாதியையும் ஊற்றுவான். பிறகு இரண்டு பாதியையும் பிரித்து மூலத்தை வெளியே எடுத்தால், உள்ளே கார் வடிவத்தில் வெறும் வெளி இருக்கும். முத்துச் சிப்பியைத் திறந்த மாதிரிதான். இந்தக் கரையில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோய்விட்டது. சிப்பி திறக்கும் ஆசை மட்டும் இப்படி எங்கோ பாக்கியிருக்கிறது போலும்.

ஏ என்றும் பி என்றும் இரண்டு டப்பா. சமபாகம் எடுத்துக் கலக்கினால் தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். கையில் சில நிமிஷங்கள்தான் அவகாசம். அதற்குள் அச்சில் ஊற்றியாக வேண்டும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது திரவம் சூடேறி, கலங்கி, பால் வெள்ளையாகி, கல்லாகிவிடும். காற்றுக் குமிழி அகப்பட்டால் அந்த இடத்தில் பொத்தல். கூரையைத் தாங்கும் கம்பிக் கால்கள் தீக்குச்சியைவிட மெல்லியவை. பெரும்பாலும் குமிழி அங்கேதான் போய் உட்காரும். பி டப்பாவில் இருக்கிற சரக்கு பொல்லாதது. மூச்சில் போகக்கூடாது. கெட்டியான பிறகும், உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கிற தூளை உள்ளே இழுக்கக்கூடாது. முகமூடி கட்டிக்கொண்டு, தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். இதைக் குழந்தைகள் விளையாட்டு என்று எண்ணி உங்கள் பத்து வயதுப் பையனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. கம்பெனி கிட்டை ஒட்டுகிற பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது. ரெசின் அதற்கு மசியாது. அதற்கு எபாக்ஸியோ, நொடியில் ஒட்டும் சயனோ பசையோ வேண்டும். ஒட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவவும் வேண்டும். அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருந்தால் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வரும். அந்தப் பெயிண்டின் வெள்ளையில்கூட சாகுபுரத்துக்குத் தூரத்து உறவு உண்டு. தென்கோடிக் கரையின் கனமான கறுப்பு மணலான இல்மனைட்டை அமிலத்தில் ஊறவைத்து இரும்பைப் பிரித்து எடுத்தால் டைட்டானியம் செறிந்த சரக்கு மிஞ்சும். சாகுபுரம் அதையும் செய்கிறது. அதிலிருந்துதான் வெள்ளை நிறமி பிறக்கிறது. பிரித்த இரும்பும் வீணாவதில்லை, அதுவும் நிறமியாகிறது.

மருமகன் செய்துகொண்டிருந்தது என்ன கார் தெரியுமா? ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் "ஆகா!" என்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற கார் வந்தது. மைக்கேலோட்டி என்ற இத்தாலியர் போட்ட உருவம். பின்பக்கம் இரண்டு ஓரமும் மீன் வால் மாதிரி நிமிர்ந்திருக்கும். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. கல்கத்தாவில் அம்பாஸிடர், பம்பாயில் ஃபியட், நம் சென்னையில் ஹெரால்டு. அந்நாளில் இந்தியக் காரே இந்த மூன்றுதான் என்று சொல்லலாம்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கடைசி வரை இரண்டு கதவுதான். நம் ஊர்க் குடும்பம் அதற்குள் எப்படி நுழையும்? முன் ஸீட்டை மடக்கி, பாட்டியை வளைத்து, பின்னால் திணிக்க வேண்டும். சென்னைக்காரர்கள் யோசித்தார்கள். 1968-ல் நாலு கதவு வைத்து மார்க் 3 என்று வெளியிட்டார்கள். நாலு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறு எங்கும் செய்யப்படவில்லை. பெருங்களத்தூரில் மட்டும்! பிற்பாடு கஸல் வந்தது. 1980களில் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தியே நின்றது.

பொம்மை உலகம் என்ன செய்தது? டிங்கி கம்பெனி ஹெரால்டை வார்த்தது, இரண்டு கதவு. ஏர்ஃபிக்ஸ் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் கிட் போட்டது. அதுவும் இரண்டு கதவு. அம்பாஸிடருக்காவது டில்லியின் சென்டி பொம்மை இருக்கிறது, தேர்க்கடைகளில்கூடக் கிடைக்கும். நம் நாலு கதவு ஹெரால்டுக்கு? எனக்குத் தெரிந்து எஃகு அச்சு வெட்டியவர் யாருமில்லை.

அத்தான் ஒரு காலத்தில் உப்புக் கமிஷன் வியாபாரம் செய்தவர். 1978-ல் பழைய நாலு கதவு ஹெரால்டு ஒன்றை வாங்கினார். கருநீலம். அக்காவின் பிரசவத்துக்குத் தூத்துக்குடிக்குப் போனது அதில். மகனைக் கல்லூரியில் சேர்க்கப் பாளையங்கோட்டைக்குப் போனதும் அதில்தான். கம்பெனி நின்ற பிறகு உதிரிபாகம் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரை கொண்டுவந்த வியாபாரிகள், லாடம் கட்டி வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை மட்டும் கூட்டிவர மாட்டார்கள், குதிரை செத்தால்தானே புதுக் குதிரை விற்கும் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குதிரைகள் இறங்கிய காயல் துறை இங்கிருந்து அதிக தூரமில்லை. உதிரிபாகப் பஞ்சம் இந்தக் கரைக்குப் புதிதல்ல! கடைசியில் 1991-ல் அத்தான் வண்டியை விற்றார். வாங்கியவரிடமிருந்து அது எங்கே போயிற்று, எந்த இரும்புக் கடையில் எடைக்கு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

மருமகனுக்கு ஏர்ஃபிக்ஸ் கிட் ஒன்று அகப்பட்டது. அடிச்சட்டம் தயார், ஹெரால்டு அந்தக் காலத்திலும் தனி அடிச்சட்டம் வைத்த கார் என்பதால் மாதிரி செய்வோருக்கு ரொம்ப சௌகரியம். உடலை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். எதைப் பார்த்துச் செய்வது? வீட்டு ஆல்பத்தில் பதினாலு புகைப்படங்கள் இருந்தன. காருக்கு முன்னால் அக்கா, காருக்குப் பக்கத்தில் பேரன், தீபாவளி, பொங்கல். மனிதர்களுக்குப் பின்னால் தெரிகிற காரைத் துண்டு துண்டாக அளந்து அவன் மூல உருவத்தைச் செய்தான். பிறர் வார்த்து விற்கிற உடலையே வாங்கி, அதன் மேல் ரப்பரை ஊற்றிக் கள்ளப் பிரதி எடுக்கிறவர்களும் இந்த உலகத்தில் உண்டு. அது பிறத்தியார் கதையைத் தன் பெயரில் பத்திரிகைக்கு அனுப்புகிற மாதிரி. இவன் செய்தது சொந்த வேலை. ரப்பர் அச்சும் எடுத்தான். அச்சிலிருந்து இழுக்கும்போது மூலம் இரண்டாக உடைந்துவிட்டது. முதல் அச்சுக்கு அது சகஜம். அச்சுத்தான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து மக்களிடம் கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. ஆறுமுகநேரியில் அக்கா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அத்தானையும் அக்காவையும் மாடி வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் இறங்கி வந்து பார்த்தால் கட்டில், மெத்தை, அரிசி எல்லாம் ஒரே சேறு. ஆல்பத்தைப் பிரித்தால் புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நிறம் கரைந்து, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் சிவப்புமாகக் குழம்பியிருந்தது. பதினாலில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ரெசின் டப்பாக்களில் பி டப்பாவுக்குள் ஈரம் போய், அது நுரைத்துப் பொங்கிக் கல்லாகிக் கிடந்தது. ஈரம் பட்டால் அதன் குணம் அது. கட்டிலுக்கு அடியில் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவியபோது ரப்பர்ப் பாளம் ஒன்று தட்டுப்பட்டது. சற்றுத் தள்ளி இன்னொன்று. பம்பு அடித்துக் கழுவினான். சிலிக்கோன் ரப்பருக்குத் தண்ணீரும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். பொருந்திற்று.

அதாவது, அந்தக் காரின் உருவம் வீட்டில் மிச்சம் இருந்தது அந்த அச்சுக்குள் இருந்த வெற்றிடத்தில் மட்டும்தான்.

புன்னைக்காயலில் 1586-ல் 'அடியார் வரலாறு' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சடித்தார்கள் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். எழுத்துகளை ஈயத்தில் வார்த்து அடித்த புத்தகம். அது இதே கரைதான், கொஞ்சம் வடக்கே. மருமகனிடம் இதைச் சொன்னேன். "ஈய எழுத்து தேஞ்சா உருக்கி மறுபடி வார்க்கலாம் மாமா. ரப்பர் அப்படி இல்ல" என்றான்.

உண்மைதான். ஒவ்வொரு தடவை உடலை இழுத்து எடுக்கும்போதும் ரப்பரின் மெல்லிய ஓரங்கள் கிழியும். இருபது, முப்பது வார்ப்புக்கு மேல் நல்ல அச்சும் தாங்காது. இவன் வெள்ளத்துக்கு முன்பே பதினொன்று எடுத்திருந்தான். அவற்றில் பாதி பழுது, மீதியைச் சிநேகிதர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டான். முன் கண்ணாடிக் காலின் ஓரத்தில் இப்போதே ஒரு கீறல் தெரிகிறது. ஆகையால் சென்னையிலிருந்து புது ரெசின் வரவழைத்து, ஒரே ஒரு உடலை அபார ஜாக்கிரதையாக வார்த்தான். அதைத் திருத்திச் செப்பனிட்டு, அதையே புது மூலமாக வைத்து, புது அச்சு எடுப்பதாகத் திட்டம். ஒரு தலைமுறைக்கு ஒரு மயிரிழை சுருங்கும்; அதைப் பட்டி தடவிச் சமாளிக்க வேண்டும்.

நான் போயிருந்த அன்று அந்த உடல் மேஜையில் இருந்தது. பெயிண்ட் இல்லை, தந்தத்தில் செதுக்கியது போன்ற வெண்மை. நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர். கூடத்தில் அத்தான் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் அநேகமாகத் தெரிவதில்லை. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும்.

"யாரு, மாப்ளயா? வாங்க வாங்க" என்றார் குரலைக் கேட்டு.

மருமகன் காரை அவர் கையில் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரல்கள் முதலில் பின்பக்கத்து மீன் வாலைப் பிடித்துக்கொண்டன. பிறகு கூரை, பிறகு பானெட். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. கட்டை விரலால் பக்கவாட்டில் தடவினார். ஊசியால் கீறிய கோடுகளை நகத்தால் எண்ணினார். முன் கதவு. பின் கதவு. மறுபடி பின் கதவு.

"ஏலே, பின் கதவு இவ்வளவு அகலம் கெடையாதுல்லா" என்றார். "குறுகலா இருக்கும். ஒங்க அம்மை ஒவ்வொரு தடவை ஏறும்போதும் சேலை மாட்டிக்கிடும். வையாம ஏறவே மாட்டா."

"எவ்வளவுப்பா இருக்கும்?"

அவர் இரு கைகளையும் காற்றில் விரித்து, ஒரு கதவு அளவு காட்டினார். கொஞ்சம் குறைத்தார். மறுபடி கொஞ்சம் குறைத்தார். மருமகன் உடனே டேப்பை எடுத்து அந்தக் கைகளுக்கு நடுவே நீட்டி அளந்து, முப்பத்திரண்டால் வகுத்தான். ஒரு மில்லிமீட்டர் அதிகமாக இருக்கிறது என்றான். முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜக் காரில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். ஒரு சேலைத் தலைப்பு மாட்டிக்கொள்வதற்கு அது போதும். புகைப்படங்களில் பின் கதவுக்கு முன்னால் எப்போதும் யாராவது நின்றுகொண்டிருந்தார்களாம். அதனால் அந்தக் கோட்டை மட்டும் அவன் உத்தேசமாகப் போட்டிருந்தானாம்.

பென்சிலால் புதுக் கோடு போட்டான். பழைய கோட்டை அடைக்கப் பட்டியைக் குழைக்க ஆரம்பித்தான்.

அதற்குள் அக்கா கருப்பட்டிக் காப்பியும், ஒரு தட்டில் தூத்துக்குடி மக்ரூனும் கொண்டுவந்து வைத்தாள். காரை எட்டிப் பார்த்தாள்.

"கதவு எல்லாம் சரிதான். அந்த இடது பக்கத்துக் கைப்பிடி எப்பவும் தொங்கிக்கிட்டு இருக்குமே, அதைப் போட்டியாடே?" என்று கேட்டாள்.

"அதை ஏம்மா போடணும்?"

"பெறகு நம்ம காருன்னு எப்படித் தெரியும்?"